நைனாவின் மோட்டார் சைக்கிள்

சில பொருள்கள் பயன் முடிந்ததும் நம்மை விட்டு நீங்கிவிடுகின்றன. வேறு சில, பயன் முடிந்ததென்று பிறர் சொல்லும் காலத்திலும் வீட்டை விட்டு அகலாமல் குடும்பத்தாருள் ஒருவராகவே அமர்ந்துவிடுகின்றன. கார்வேட்டிநகரத்தில் உள்ள எங்கள் வீட்டில் அவ்வாறு அமர்ந்துவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள். 1964ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட் அது. எங்கள் தந்தையார் 1971இல் அதனைப் பழைய வண்டியாகவே விலைக்கு வாங்கினார். தந்தையாரை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம்.

கார்வேட்டிநகரம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. சித்தூர் மாவட்டத்தில், புத்தூருக்கு மேற்கே உள்ள பழைய ஜமீன் ஊர் அது. வேணுகோபால சுவாமி கோயிலும், கந்த புஷ்கரணி என்னும் அழகிய குளமும், ஜமீன் அரண்மனையும் அதன் அடையாளங்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை வட ஆர்க்காட்டோடு சேர்ந்திருந்த பகுதி. 1960இல் எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆதலால் பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தோம். எல்லைக்கு இருபுறமும் உறவினர் இருந்தனர். அவர்களையெல்லாம் எங்களுக்கு அண்மையில் கொண்டுவந்து வைத்தது அந்த வண்டிதான்.

சென்ற ஆண்டு அண்ணன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். “வண்டியைப் பழம்பெரும் வண்டி என்று பதிவு செய்துவிடலாமா? அல்லது இப்படியே ஓட்டிக்கொண்டு இருப்பதா? நீ என்ன சொல்கிறாய்?” கேள்வி சிறிது, ஆனால் பல நாள் அது என்னை உறங்க விடவில்லை. காரணத்தைச் சொல்லுமுன் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

புல்லட் என்னும் பெயர் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துத் தொழிற்சாலையில் 1932இல் பிறந்தது. நம் நாட்டு இராணுவம் எல்லைக் காவலுக்காக அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பயனாக 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் வேலை தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். பின்னர் அவ்வுறுப்புகளை இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றார்கள். 1970இல் இங்கிலாந்தில் அந்தத் தொழில் அடியோடு நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. 1977 முதல் சென்னையில் செய்த வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தாய்வீடு இருண்ட பிறகும் புகுந்த வீட்டில் விளக்கெரிந்தது என்று சொல்லலாம்.

எங்கள் வண்டியின் எஞ்சின் மிக எளியது. 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒரே சிலிண்டர். கொள்ளளவு 346 சி.சி.; வலிமை ஏறத்தாழ 18 குதிரைச்சக்தி. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளில் பழகியவர்கள் முதல்நாள் தடுமாறுவார்கள். கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. கிக்கரை மெல்ல மிதித்து, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வருவதைக் காலால் உணர வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டீகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்து, பிஸ்டனை உச்சியைச் சற்றே கடக்கச் செய்து, நெம்பை விட்டுவிட்டு ஒரே உதை. பொறுமை உள்ளவனுக்கு ஒரே உதையில் கிளம்பும். அவசரக்காரனைத் திருப்பி உதைக்கும். எங்கள் மாமா ஒருவர் அவசரத்தில் மிதித்துக் கணுக்காலைப் பிசகவைத்துக்கொண்டார். எலும்பு முறிவுக்குப் பெயர்பெற்ற புத்தூர்க் கட்டு பக்கத்திலேயே இருந்தது. மூன்று வாரத்தில் நடந்தார். “வண்டியும் இங்கே, வைத்தியமும் இங்கே” என்று நைனா சிரித்தது இன்றும் எங்கள் வீட்டில் பழமொழி.

நைனா பட்டறைக்காரர் அல்லர், பள்ளி ஆசிரியர். எனினும் ஞாயிறுதோறும் புத்தூரில் ஒரு மேஸ்திரியின் பட்டறையில்தான் இருப்பார். நானும் அண்ணனும் உடன் செல்வோம். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போல்ட்டுகளைக் கழுவுவது எங்கள் வேலை. எந்தப் போல்ட் எந்த இடத்திலிருந்து வந்தது என்று மறக்காதபடி பழைய செய்தித்தாளில் வரிசையாக வைக்க வேண்டும். மேஸ்திரி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் ஊன்றி, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். டேப்பெட்டைச் சரிபார்க்க அவருக்கு அளவுத் தகடு வேண்டியதில்லை. குளிர்ந்த எஞ்சினில் புஷ்ராடு இரண்டு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவே இலக்கணம். பற்றவைக்கும் நேரத்தைக் குறிக்க, பாயிண்டுகளின் இடையே சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் சொருகிவிட்டு எஞ்சினை மெல்லத் திருப்புவார். தாள் பிடிவிட்டு நழுவும் அந்தக் கணமே பாயிண்டு திறக்கும் கணம். “எஞ்சின் பொய் சொல்லாது சார், கேட்கிற நமக்குத்தான் அவசரம்” என்பார் அவர். கேட்பதே பாதி வேலை என்பதை நான் பள்ளியில் கற்கவில்லை, அங்கேதான் கற்றேன்.

நைனாவுக்கு இன்னொரு பித்தும் இருந்தது. அது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காக அமைத்த ஓடுதளம் சென்னைக்கு வடக்கே அவ்வூரில் கிடந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தி, நாடெங்கும் அதன் பெயரைப் பரப்பியது. புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர், செங்குன்றம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. விடியுமுன் புளியோதரை கட்டிக்கொண்டு புறப்படுவோம். திருப்பங்களில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். வெயிலில் தார் மணக்கும். அதனினும் மிகுதியாக ஆமணக்கெண்ணெய் மணக்கும். பந்தய எஞ்சின்களுக்கு அந்நாளில் அந்த எண்ணெயைச் சேர்ப்பது வழக்கம். காஸ்ட்ரால் என்னும் எண்ணெயின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அம்மாவுக்கு மட்டும் அது குழந்தைகளுக்குப் பேதி கொடுக்கும் நாளை நினைவூட்டியது!

மைசூரில் செய்த ஜாவா வண்டிகள் குறுகிய திருப்பங்களில் எங்கள் புல்லட் இனத்தை முந்திச் செல்லும்போது அண்ணன் கண்கலங்குவான். நைனா ஆறுதல் சொல்ல மாட்டார். “அது இலேசானது, திரும்புகிறது; இது கனமானது, நேரே ஓடுகிறது. எதற்கு எது என்று பார்” என்பார். வெற்றி தோல்வியினும் காரணத்தைத் தேடும் பழக்கம் எங்களுக்கு அவ்வாறு வந்தது. பிற்காலத்தில் சோழவரத்துப் பந்தயங்கள் ஓய்ந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிக் களம் அமைந்தது.

திருமலைக்குச் சென்ற பயணங்களையும் சொல்ல வேண்டும். 1944இல் திறந்த மலைப்பாதை ஒன்றே அந்நாளில் ஏறவும் இறங்கவும் பயன்பட்டது; ஏறுவதற்கென்று இரண்டாம் பாதை 1974இல்தான் வந்தது. பெட்ரோல் தொட்டியின்மேல் நான், நைனாவின் முதுகை ஒட்டி அண்ணன், அவன் பின்னால் ஒருபுறமாகக் கால் தொங்கவிட்டு அம்மா. இன்று அவ்வாறு செல்வதைச் சட்டமும் ஒப்பாது, நானும் ஒப்பேன். ஆயினும் இறங்கும்போது நைனா சொன்ன பாடம் இன்றும் பொருந்தும். “பிரேக்கை நம்பி மலை இறங்காதே. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. எஞ்சினே உன்னைப் பிடித்துக்கொள்ளும்.”

2009இல் நைனா மறைந்தார். மேஸ்திரியும் பின்னர் மறைந்தார். வண்டியை அண்ணன் காத்து வருகிறார். நானோ உங்களைப் போலவே ஊரை விட்டு வந்து, விடுமுறையில் மட்டும் அதன் முன் நிற்பவன்.

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2021 ஜூலையில் இந்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டகத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் எனப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். வண்டிக்கு மதிப்பும் பாதுகாப்பும் கிடைக்கும். ஆனால் அதன்பின் அதனை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும், பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டுமே வெளியே எடுக்கலாம். இப்பதிவை நாடாவிட்டால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குக் கொண்டுசென்று சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒருநாள் அது சோதனையில் தவறலாம். ஒருநாள் சாலையில் அடிபடலாம்.

இரு பக்கமும் நியாயம் உண்டு. காட்சிச் சாலைகள் இல்லாவிடில் எத்தனையோ வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் இங்கிலாந்தில் 1946இல் தோன்றிய பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தார் தங்கள் வண்டிகளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஓட்டினார்கள், பந்தயத்திலும் விட்டார்கள். நியூஸிலாந்தில் பர்ட் மன்றோ என்பவர் 1920இல் செய்த இந்தியன் ஸ்கவுட் வண்டி ஒன்றை வாழ்நாள் முழுவதும் தம் கொட்டகையில் திருத்திக்கொண்டே இருந்தார். பிஸ்டனையும் தாமே வார்த்தார். 1967இல், தம் 68ஆம் வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில் அதே வண்டியை மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை நிறுவினார். ஓட்டினால்தான் பழுது தெரியும். பழுது தெரிந்தால்தான் கை வேலை கற்கும். கை வேலை இருந்தால்தான் வண்டி வாழும். நிறுத்தி வைத்த வண்டியில் முதலில் துருப்பிடிப்பது இரும்பன்று. அதைத் திருத்தத் தெரிந்தவர்களின் கை.

இதையெல்லாம் நான் தொலைபேசியில் விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அண்ணனிடமிருந்து கருவியை வாங்கி, “ஓடுற வரைக்கும் அது வண்டிடா. நிறுத்திட்டா வெறும் சாமான். ஆயுதபூசைக்கு மாலை போடறது ஓடறதுக்குத்தான்” என்றார். வழக்கு அத்துடன் தீர்ந்தது.

சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது என்று முடிவு செய்தோம். சோதனையிலும் வண்டி தேறிவிட்டது. அதனினும் மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்று உண்டு. திருப்பதியில் பொறியியல் படிக்கும் அண்ணன் மகள் வலக்காலில் கியர் மாற்றப் பழகிவிட்டாள். ஆடிக் கிருத்திகைக்கு முந்திய வாரம், தலைக்கவசம் அணிந்து, பின்னே தந்தையை அமர்த்திக்கொண்டு திருத்தணி வரை ஓட்டிச் சென்றாள். “சித்தப்பா, புஷ்ராடு விரலால் சுற்றுகிறது, ஆடவில்லை” என்று அவள் எனக்குச் செய்தி அனுப்பினாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மேஸ்திரியின் இலக்கணம் மூன்றாம் தலைமுறையின் விரலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வெளியூரில் வாழும் நம் வீடுகளில் இதையொத்த பொருள்கள் பல உண்டு. பாட்டியின் தையல் எந்திரம், தாத்தாவின் வானொலி, ஏன், நாம் பேசும் தமிழுமே அவ்வாறானதுதான். விழா நாளில் எடுத்துக் காட்டிவிட்டு உறையிட்டு வைப்பது எளிது. நாள்தோறும் பயன்படுத்துவதில் தேய்மானமும் இடரும் உண்டு. எனினும் தேய்ந்தால் திருத்தலாம். மறந்துபோனால் திருத்துவதற்கு ஆள் இராது. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், தங்கள் பிள்ளைகளின் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, முதியவர் ஒருவர் அருகில் அமர்த்திவிடுங்கள். சோழவரத்துப் பந்தயங்களைக் கண்டவர்களும், அவற்றின் நிழற்படங்களை வைத்திருப்பவர்களும் நம்முள் இருப்பார்கள். அவர்கள் தம் நினைவுகளை இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால், எங்கள் வீட்டில் அவற்றை வாய்விட்டுப் படிக்க ஓர் அம்மா காத்திருக்கிறார்.