பன்னிரண்டாவது கட்டம்

அன்புள்ள செந்திலுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். தைலம் தேய்த்தால் போய்விடும் என்று டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். வாய்க்கால் தூர் வாரி முடித்துவிட்டார்கள். இனி மேட்டூர்த் தண்ணீர் வர வேண்டியதுதான் பாக்கி. நீ அந்தத் தண்ணீருக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாய், கடைமடையில் கிடக்கிற எங்களுக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? மெஸ் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையே உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ராத்திரியில் புரோட்டாவை நிறுத்து. அங்கே காவிரி மீன் நல்லதாகக் கிடைக்கும். குழம்பு வைக்கத் தெரியாதென்று சொல்லாதே, உனக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து அப்படியே உன் தாத்தா எழுத்து, வலது பக்கம் சாய்ந்து, முத்து முத்தாக. பன்னிரண்டு கட்டம் போட்டு, பன்னிரண்டு டென்ஸையும் ஒரே போர்டில் அடைத்திருக்கிறாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாவம். அதைக்கூட விடு. கடைசிக் கட்டத்தில், ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸுக்குக் கீழே ‘வில் ஹேவ் பீன்’ போட்டு, ‘இங்’ போட்டு, தமிழில் ‘நான் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும்தான் பேனாவை எடுத்தேன்.

எந்த கைடில் இருந்து எடுத்தாய் என்று கேட்க மாட்டேன். கடையில் கிடைக்கிற பாதி கைடுகளில் இதுதான் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. நீ கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். ‘எழுதிக்கொண்டிருந்திருப்பேன்’ என்று தமிழில் நாம் எப்போது சொல்வோம்? ‘நேற்று கரண்ட் போகாமல் இருந்திருந்தால் இந்நேரம் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்’ என்போம். அல்லது, ‘நீ கதவைத் தட்டியபோது அவன் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்’ என்று நடந்துபோனதை ஊகித்துச் சொல்வோம். இதில் நாளைக்கு என்பதே கிடையாது. தலைப்பில் ஃபியூச்சர் என்று இருக்கிறது, கீழே இருக்கிற தமிழ் நேற்றைப் பார்க்கிறது. பிள்ளை எதை நம்பும்? இரண்டையும் விட்டுவிட்டு ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணும். பரீட்சை முடிந்த மறுநாள் அதுவும் போய்விடும்.

உன் பிள்ளைகளுக்குச் சொல்ல வாசலிலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. மேட்டூர் அணையை 1925-இல் கட்ட ஆரம்பித்து 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்தார்கள். அப்போது கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். உன் வகுப்பில் பாதிப் பேருடைய பாட்டனோ பூட்டனோ அந்த வேலையில் கல் சுமந்திருப்பார்கள், கேட்டுப் பார். போர்டில் நீளமாக ஒரு கோடு போடு. இடது ஓரத்தில் 1934. நடுவில் ஒரு புள்ளி வைத்து ‘இன்றைக்கு’ என்று எழுது. வலது பக்கம் 2034 ஆகஸ்ட். இப்போது கேள், 2034 ஆகஸ்ட் வந்தால் அணை தண்ணீர் தேக்க ஆரம்பித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? கடைசி பெஞ்சுப் பையன்கூட ‘நூறு வருஷம் சார்’ என்பான். அவ்வளவுதான். அவன் மனதில் டென்ஸ் வந்துவிட்டது. அதன் மேல் இங்கிலீஷைப் போர்த்த வேண்டியதுதான் உன் வேலை. ‘பை ஆகஸ்ட் 2034, த டேம் வில் ஹேவ் பீன் ஹோல்டிங் வாட்டர் ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்.’

இன்னும் வராத ஒரு நாளில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து திரும்பிப் பார்த்து, ஒரு வேலை எவ்வளவு காலமாக விடாமல் நடந்து வந்திருக்கிறது என்று அளக்கிறோம். இந்த டென்ஸுக்கு வேறு பிழைப்பு அதிகம் கிடையாது. அளக்கிற இடம் எதிர்காலத்தில் இருக்க வேண்டும். வேலை எப்போது தொடங்கியது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அணை மாதிரி எப்போதோ தொடங்கியிருக்கலாம், இன்றைக்குத் தொடங்கலாம், இனிமேல்தான் தொடங்கப்போவதாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வகையை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்கும் உன் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஜூன் 12 அன்று மதகைத் திறப்பார்கள் என்று வைத்துக்கொள். இன்றைக்குத் தண்ணீர் ஓடவில்லை. திறந்து, கல்லணை வந்து, அங்கிருந்து பிரிந்து, வெண்ணாறு வெட்டாறு என்று சுற்றி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்கிற நாளில் நின்று பார்த்தால், அது பல நாளாக ஓடிக்கொண்டிருக்கும். ‘பை த டைம் த வாட்டர் ரீச்சஸ் மை ஆன்ட்’ஸ் வில்லேஜ், இட் வில் ஹேவ் பீன் ஃப்ளோயிங் ஃபார் மெனி டேஸ்.’ என் பெயரைச் சொல்லியே நடத்து, ராயல்டி கேட்க மாட்டேன்.

இந்த வாக்கியத்தில் ‘ரீச்சஸ்’ என்று இருக்கிறது பார், அங்கேதான் நம் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். ‘பை த டைம் த வாட்டர் வில் ரீச்’ என்றுதான் எழுதுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. தமிழில் நாம் ‘தண்ணீர் வரும்போது’ என்கிறோம், அந்த ‘வரும்’ எதிர்காலம்தானே? அதே பழக்கத்தில் இங்கிலீஷிலும் ஒரு ‘வில்’லைச் செருகுகிறார்கள். ‘பை த டைம்’, ‘வென்’, ‘பிஃபோர்’ என்று காலத்தைச் சொல்கிற துண்டில் இங்கிலீஷ்காரன் ‘வில்’ போடுவதில்லை, சாதாரண பிரசென்ட்டோடு நிறுத்திக்கொள்கிறான். சிவப்பு மையால் அடித்துவிட்டு சும்மா இருந்துவிடாதே. ஏன் தப்பு வருகிறது என்று தமிழை வைத்தே சொல். வீட்டில் பேசுகிற பாஷையைக் காட்டிச் சொன்னால் பிள்ளைகளுக்கு ரோஷம் வராது.

அப்புறம், ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எவளாவது ஒரு கெட்டிக்காரி கேட்பாள். நடவு ஆட்களைச் சொல். ‘பை ஈவினிங் தே வில் ஹேவ் பிளான்டட் டூ ஏக்கர்ஸ்’ என்றால் சாயங்காலத்துக்குள் இரண்டு ஏக்கர் முடிந்துவிடும். அது நிலத்துக்காரன் கணக்கு. ‘பை ஈவினிங் தே வில் ஹேவ் பீன் பிளான்டிங் ஃபார் எய்ட் ஹவர்ஸ்’ என்றால் எட்டு மணி நேரம் சேற்றில் குனிந்தே நின்றிருப்பார்கள், எத்தனை ஏக்கர் முடிந்தது என்ற பேச்சே இல்லை. அது அவர்கள் இடுப்பின் கணக்கு. போன வருஷம் நம் வயலில் நட்டவர்களில் ஒரு கிழவி, சாயங்காலம் வரப்பில் ஏறியதும் நிமிர முடியாமல், மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே வளைந்தே நின்றாள். இங்கிலீஷ்காரன் ‘நாளைக்கு வருகிறவர் களைத்துப்போய் வருவார், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியிருப்பார்’ என்று சொல்ல இந்த டென்ஸை எடுப்பது இதற்காகத்தான். எவ்வளவு நேரம் என்று சொன்னால்தான் ஏன் அப்படி இருக்கிறார் என்பது விளங்கும்.

‘நோ’, ‘பிலீவ்’, ‘ஓன்’ மாதிரி வினைகளுக்கு இந்த ‘இங்’கை ஒட்ட விடாதே. ‘வில் ஹேவ் பீன் நோயிங்’ என்று எழுதாத ஊர் நம் நாட்டில் இல்லை. அங்கே ‘வில் ஹேவ் நோன்’ போதும். ‘ஃபார்’, ‘சின்ஸ்’ சண்டையையும் இந்தப் பாடத்தில் கிளப்பாதே. ‘ஃபார்’ மட்டும் சொல்லிக்கொடு. படிக்கும்போது ‘வில்’, ‘ஹேவ்’, ‘பீன்’ மூன்றையும் சுத்தியலால் அடிப்பதுபோலத் தனித்தனியாகப் படிக்க விடாதே. பேச்சில் ‘ஐல் அவ் பின்’ என்று ஒரே மூச்சில் ஓடிவிடும், அழுத்தமெல்லாம் பின்னால் வருகிற வினைக்குத்தான்.

இனி சொல்வது உனக்கு மட்டும், வகுப்பில் வேண்டாம். ‘யூ வில் ஹேவ் பீன் வண்டரிங் வை ஐ டிட் நாட் ரைட்’ என்று இங்கிலீஷ் கடிதங்களில் வரும். உருவம் இதே டென்ஸ்தான், எதிர்காலம் மட்டும் துளியும் இல்லை. ‘நான் ஏன் எழுதவில்லை என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்திருப்பாய்’ என்று எதிராளியின் மனதை ஊகிக்கிற பேச்சு. கைடுக்காரன் போட்ட தமிழ் இந்த இடத்தில் அச்சாகப் பொருந்துகிறது. அவன் தப்பான இடத்தில் கொண்டுபோய் ஒட்டியதுதான் வினை. ‘வில்’ என்கிற சொல்லுக்கு ஊகமும் ஒரு வேலை. அதனால்தான் குவர்க் குழுவினர் 1985-இல் போட்ட பெரிய இலக்கணத்திலும், ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-இல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்திலும், இங்கிலீஷுக்கு எதிர்கால டென்ஸ் என்று தனியாக ஒன்றில்லை, பிரசென்ட், பாஸ்ட் இரண்டுதான் என்று எழுதிவிட்டார்கள். ‘வில்’லை ‘கேன்’, ‘மே’ கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. எனக்கு அதில் வருத்தமில்லை, சொல்லிக்கொடுக்க வசதியாகத்தான் இருக்கிறது. இதை ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்லி வைக்காதே, புதிதாகச் சேர்ந்தவன் மேதாவித்தனம் பண்ணுகிறான் என்பார்கள்.

தாத்தாவுடைய ரென் அண்ட் மார்ட்டின் என்னிடம்தான் இருக்கிறது. அட்டை போய் நூல் தைத்து வைத்திருக்கிறேன். 1930-களில் வந்து, இந்தியப் பள்ளிகளில் பரவலாக ஓடிய புத்தகம். அந்த ரென்தான் ‘போ ஜெஸ்ட்’ நாவல் எழுதிய பி. சி. ரென், பம்பாய்ப் பக்கம் கல்வித்துறையில் இருந்தவர் என்று உனக்குச் சின்ன வயதில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? பாலைவனத்துச் சண்டைக் கதை எழுதினவரா இப்படி இலக்கணம் எழுதி நம்மைப் பாடுபடுத்துகிறார் என்று நீ சிரித்தாய். அந்தக் காலத்துப் புத்தகங்களில் ‘ஐ’, ‘வீ’ வந்தால் ‘ஷல் ஹேவ் பீன்’ என்றுதான் இருக்கும். இப்போது அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. பிள்ளைகள் வீட்டில் பழைய புத்தகத்தைப் பார்த்து ‘ஷல்’ எழுதிக்கொண்டு வந்தால் தப்புப் போடாதே.

எனக்கு உண்மையான கவலை வேறு. நீ பன்னிரண்டையும் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகிறாய். ஒரு இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து விளையாட்டுப் பக்கம் வரை படி, இந்த டென்ஸ் ஒன்று அகப்பட்டாலே அதிர்ஷ்டம். உன் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் தடுமாறப்போவது இதனால் அல்ல. ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்’ என்கிறார்களே, அங்கேதான் மானம் போகும். ‘காலையில் இருந்து காத்திருக்கிறேன்’ என்று தமிழில் சாதாரண நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம், அதை அப்படியே இங்கிலீஷில் வைத்துவிடுகிறார்கள். முதலில் ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்’ நாக்கில் படியட்டும். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். அது படிந்துவிட்டால் ‘ஹேவ்’ இருக்கிற இடத்தில் ‘ஹேட்’ போட்டுப் பின்னால் போகலாம், முன்னால் ஒரு ‘வில்’ போட்டு எதிர்காலத்துக்குப் போகலாம். மூன்றும் ஒரே குடும்பம். கட்டத்தில் நீ மூன்றையும் மூன்று மூலையில் போட்டிருக்கிறாய். இவற்றை அடுத்தடுத்த நாளில் நடத்து. கடைசிக்கு ஒரு பீரியடு போதும்.

வீட்டு விஷயம். உன் அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு திருமணஞ்சேரிவரை போய் வந்துவிட்டாள். வரன் ஒன்று சொல்லியிருக்கிறார்கள், பெண்ணும் டீச்சர்தான், கணக்கு. நீ ‘பார்க்கலாம்’ என்று இழுத்துக்கொண்டே இரு. ‘பை த டைம் செந்தில் சேஸ் எஸ், ஹிஸ் மதர் வில் ஹேவ் பீன் சர்ச்சிங் ஃபார் டென் இயர்ஸ்.’ இந்த உதாரணத்தை மட்டும் வகுப்பில் எழுதிவிடாதே. கிண்டலுக்குச் சொன்னாலும், அண்ணி ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, அவளை அலைய விடாதே. அண்ணன் ஒன்றும் கேட்க மாட்டான், அவன் சுபாவம் உனக்குத் தெரியும். கண் ஆபரேஷனையும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான். லீவில் வரும்போது நீ கூட இருந்து முடித்துவிட்டுப் போ.

போர்டில் அழித்திருப்பாய், ஆனால் சார்ட்டாக எழுதிச் சுவரில் மாட்டப்போகிறேன் என்றாயே, அதில் அந்தக் கைடுத் தமிழ் வரக் கூடாது. அந்த இடத்தில் அணை வாக்கியத்தை எழுது. பருவத் தேர்வில் இந்த டென்ஸுக்கு ஒரு கேள்விக்கு மேல் வைக்காதே, அதையும் கோடிட்ட இடமாகக் கேட்காமல் கோடு போட்டுக் காட்டிக் கேள். பதிலை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் காகிதத்தில் எழுது. மாமாவும் படிக்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அத்தை