சாய்தளமும் தூக்குமேடையும்

எம் வகுப்பு நண்பர் ஒருவர் சக்கர நாற்காலியில் இயங்குபவர். கல்வெட்டுக் காணச் செல்லுங்கால் யாம் நால்வர் அவரை வேனில் தூக்கி அமர்த்துவோம். அதனைத் தொண்டெனக் கருதி மகிழ்ந்தும் வந்தோம்.

இவ்வாண்டு வேனிற்குரிய சாதனம் தேரும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மலிவு கருதி 4 அடிச் சாய்தளம் போதுமென்றோம். நண்பர் அளவு நாடாவைக் கேட்டார். வேனின் தளம் 2 அடி உயரம். கட்டடங்களில் 1 அடி உயரத்திற்கு 12 அடிச் சாய்தளம் வேண்டுமென்பது வழக்கு. 24 அடிக்கு இடமில்லை. 4 அடியோ ஏணிபோற் செங்குத்து. ஆதலின் மின்விசையால் உயரும் மேடையே தக்கதென்றார். நாற்காலியைப் பிணிக்க நான்கு வார்களும், அமர்ந்தார்க்கு இடுப்பும் தோளும் அணைக்கும் வேறு வாரும் வேண்டுமென்றார்.

“நீங்கள் தூக்கியபோதெல்லாம் அஞ்சினேன், சொல்லத் துணிந்திலேன்” எனவும் கூறினார்.

யாம் தலைகுனிந்தோம். முதற்கண் அவரையன்றோ வினவியிருத்தல் வேண்டும்!