மாமாவின் குடலும் எங்கள் வம்சமும்

"குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் இருந்துச்சா?"

ஓசூர் மாமாவுக்கு 42 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது பெங்களூரு டாக்டர் கேட்டது இது. (பெரிய வியாதி என்றால் நாங்கள் அத்திப்பள்ளியைத் தாண்டித்தான் போவோம். 40 கிலோமீட்டர்தான், டிராஃபிக் தனிக்கதை!) மாமா "இல்லை" என்றார். கூடப் போன பாட்டி விடவில்லை. தன் அண்ணன் சின்ன வயதிலேயே "வயித்துக் கட்டி"யில் போனது, தங்கைக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து அதை எடுத்தது எல்லாவற்றையும் கன்னடமும் தமிழுமாகச் சொல்ல, டாக்டர் பேனாவை எடுத்துவிட்டாராம்.

ரத்தப் பரிசோதனையில் வந்த பெயர் லிஞ்ச் சிண்ட்ரோம். செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்கிறது இல்லையா, அதில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்த நம்மிடம் சில ஜீன்கள் உண்டு. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 முக்கியமானவை. அதில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் பெருங்குடல், கர்ப்பப்பை இரண்டுக்கும் ஆபத்து. பிள்ளைகளுக்குப் போக 50 சதவீத வாய்ப்பு. இது வெள்ளைக்காரர் வியாதி என்று நினைக்க வேண்டாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டார் நம் நோயாளிகளிடம் இந்த இரு ஜீன்களையும் ஆராய்ந்து 2004லேயே எழுதியிருக்கிறார்கள்.

அம்மா, மாமாவுக்கு அக்கா. அம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். "தெரிஞ்சு என்னடா பண்ணப் போற?" என்று ஒரே வெட்டு.

பண்ணலாம் நண்பர்களே, நிறையவே! 2000ல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்று. இப்படிப்பட்ட 22 குடும்பங்கள், 252 பேர், 15 வருடம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துக்கொண்ட 133 பேரில் 8 பேருக்குத்தான் குடல் புற்றுநோய் வந்தது, அதனால் ஒருவர்கூட சாகவில்லை. பார்த்துக்கொள்ளாத 119 பேரில் 19 பேருக்கு வந்தது, 9 பேர் இறந்தார்கள். இப்போது ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறையே பார்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு விசித்திரம். நோயைக் கொண்டுவரும் அதே பழுதுதான் சில சமயம் ஆளைக் காப்பாற்றவும் செய்கிறது. திருத்தப்படாத பிழைகள் நிறைந்த செல்லை உடம்பின் எதிர்ப்பு சக்தி "நம்மாள் இல்லை" என்று எளிதாகக் கண்டுபிடிக்கிறது. அதனால் பரவாத கட்டத்தில் இந்த வகைக் கட்டிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெரும்பாலும் நன்றாகவே பிழைக்கிறார்கள். பரவிய பிறகும் வழி இருக்கிறது. 2020ல் இவ்வகைக் கட்டி உள்ள 307 பேரிடம், எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கீமோவோடு ஒப்பிட்டார்கள். நோய் முற்றாமல் நின்ற காலம் கீமோவில் சராசரியாக 8.2 மாதம், இதில் 16.5 மாதம். விலையைக் கேட்டால் தலைசுற்றும் என்பது வேறு விஷயம் :-(

மாமா ஆபரேஷன் முடிந்து சிப்காட் வேலைக்கே திரும்பிவிட்டார், ஷிப்ட் உட்பட.

அம்மாவின் உண்மையான பயம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் என்று ஒரு காகிதம் வீட்டில் இருந்தால் கிருஷ்ணகிரி வரை பேசுவார்களாம். அக்காவிடம் சொன்னேன். "டெஸ்டுக்கு அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். இதுக்காக ஓடுற மாப்பிள்ளை இப்பவே ஓடட்டும்" என்றாள். வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமைக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறார்.