ஓசையில்லாத் தேய்மானம்

புல்லட்டின் ஓசையைப் பற்றி நம்மில் ஆளுக்கொரு கவிதை எழுதிவிட்டோம். அந்த ஓசைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை எழுதியவர் அதிகமில்லை. சென்ற ஆண்டு சேலத்தில் என் மாமனாரின் 1975ஆம் ஆண்டு வண்டியைப் பிரித்துப் பூட்டியபோது அருகிருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். இயந்திரங்களில் ஆர்வமற்ற நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

1955இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய 350 சிசி புல்லட், வார்ப்பிரும்பு சிலிண்டரோடு ஏறக்குறைய அரை நூற்றாண்டு உருமாறாமல் வந்தது. 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, ஒற்றைப் பிஸ்டன். உள்ளிழுக்கும் வால்வுக்கு ஒன்று, புகைபோகும் வால்வுக்கு ஒன்று என இரண்டு கேம்கள். கேம் தன் மேல் அமர்ந்த டேப்பட்டை உயர்த்த, அது புஷ்ராடைத் தள்ள, புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். கேமுக்கு ‘நெம்புருள்’ என்றொரு தமிழாக்கம் உண்டு. அழகான சொல், நெம்புவதும் உருள்வதும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் எந்தப் பட்டறையிலும் அதை நான் கேட்டதில்லை என்பதால் கேம் என்றே தொடர்கிறேன்.

மாமனாரின் குறை, வண்டி ஏற்காடு ஏறுவதில்லை என்பது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு காலத்தில் மாமியாரையும் இரண்டு பலாப்பழங்களையும் ஏற்றிக்கொண்டு கடந்த வண்டி, இப்போது ஆறாவது வளைவிலேயே திணறியது. "எனக்கும் எழுபத்தாறு ஆச்சு, அதுக்கும் அம்பது ஆச்சு. ரெண்டு பேரும் மெல்லத்தான் ஏறுவோம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, வண்டியை விற்றுவிடலாமா என்றும் கேட்கத் தொடங்கியிருந்தார். அதற்கு முன் இரண்டு பட்டறைகள் பார்த்தாயிற்று. ஒன்றில் கார்புரேட்டரைக் கழுவினார்கள். மற்றொன்றில் பிஸ்டன் ரிங் மாற்றினார்கள். இருவருமே தலைப்பகுதியில் காது வைத்துக் கேட்டு, டேப்பட் சத்தமே இல்லை, மேலே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மூன்றாவது பட்டறைக்காரர் சொன்னதுதான் என்னைக் கட்டிப்போட்டது. சத்தம் இல்லாததாலேயே கேம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார் அவர்.

கேமை ஒரு முட்டையின் குறுக்குவெட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். வட்டமான பக்கம் முதுகு. கூரான பக்கம் மூக்கு. டேப்பட் இடைவெளியைச் சரிபார்ப்பது, வால்வு மூடியிருக்கையில், அதாவது டேப்பட் முதுகின்மேல் இருக்கையில். தேய்வதோ மூக்கு. மூக்கு ஒரு மில்லிமீட்டர் கரைந்தாலும் முதுகு அப்படியே இருப்பதால் இடைவெளி மாறாது, ஓசையும் எழாது. வால்வு முன்போல் முழுதாகத் திறப்பதில்லை, அவ்வளவே. புகை முழுவதும் வெளியேறாது. புதுக்கலவை முழுவதும் உள்ளே வராது. ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக வலிமை குறையும். ஓட்டுகிறவர் தமக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொள்வார்.

ராக்கர் முனையின் தேய்மானம் வேறு வகை. வால்வுத் தண்டு இடித்து இடித்து அதில் சிறு குழி விழுகிறது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே தகடு செருகி அளக்கும் என்ஜின்களில், தகடு குழியின் மேல் பாலம்போல் கிடந்து பொய் அளவு காட்டும். புல்லட்டில் அந்தத் தகடு வேண்டாம். குளிர்ந்த என்ஜினில் புஷ்ராடை விரல்களால் சுழற்றிப் பார்ப்பதே முறை. தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. குழி இருந்தாலும் விரலுக்கு உண்மை தெரிந்துவிடும். ஆனால் மூக்கின் தேய்மானம் தகட்டுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. வால்வின் தலையில் டயல் கேஜை நிறுத்தி, என்ஜினைக் கையால் சுற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். அளந்தோம். பிறகு புதிய கேமைப் போட்டு அளந்தபோது கிடைத்ததைவிடப் புகைவால்வின் இறக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாக இருந்தது.

ஏன் தேய்கிறது? என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறக்கிறது. ஒவ்வொரு முறையும் மூக்கு, டேப்பட்டின் மீது ஒரு கோட்டளவு இடத்தில் ஸ்பிரிங்கின் முழு விசையையும் தாங்குகிறது. வேகமாக ஓடுகையில் மேலேறும் பாகங்களின் உந்தமே அந்தச் சுமையில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். மெதுவாக ஓடுகையில் அந்தச் சலுகை கிடையாது; எண்ணெய்ப் படலமும் மெலிந்திருக்கும். ஆக, எந்த மெல்லிய டுபு டுபுவுக்காக நாம் புல்லட்டைக் காதலிக்கிறோமோ, வண்டியை நிறுத்தி வைத்து ரசிக்கிறோமோ, அதுதான் கேமின் மூக்குக்கு மிகக் கடினமான வேளை. கடினப்படுத்திய மேற்பரப்பு மெல்லிய தோல்தான். அது போனபின் உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவாகக் கரைகிறது.

எண்ணெய்க்கும் பங்குண்டு. ராக்கர்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் வெளிக்குழாயின் துளைகள் மிகச் சிறியவை. கசடு அடைத்தால் மேலே பட்டினிதான். இன்னொன்று, உலோகம் உலோகத்தோடு உரசும்போது காப்பதற்காக எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் கலப்பார்கள். பாஸ்பரஸ் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும் என்பதால் புதிய கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். காற்றுக்கு நல்லதே. ஆனால் மாற்றியே இல்லாத பழைய என்ஜினுக்கு, விலை கூடிய கார் எண்ணெய் என்பதாலேயே அது நல்ல எண்ணெய் ஆகிவிடாது.

புதிய கேம் வாங்குவதும் எளிதாக இல்லை. முதலில் வந்ததன் ஓரத்தில் பட்டறைக்காரர் அரத்தை இழுத்தார், அரம் கடித்தது. நன்றாகக் கடினப்படுத்திய கேமில் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். திருப்பி அனுப்பினோம். இரண்டாவது தேறியது. அதனுடன் புதிய டேப்பட்டும் போட்டார்கள், பழையதன் முகத்தில் பழைய கேமின் தடம் பதிந்திருக்கும் என்பதால். குழி விழுந்த ராக்கரும் மாறியது.

புதிய கேமை முதல் இருபது நிமிடம் மெதுவாக ஓட விடக் கூடாது. த்ராட்டிலை உயர்த்தியே பிடித்திருந்தார்கள். மாமனார் முகம் சுளித்துத் தள்ளி நின்றார். பின்னர் மார்கழியில் ஏற்காடு போய் வந்தார். விற்கும் பேச்சு நின்றது. ஆனால் காலையில் வாசலில் வண்டியைப் பத்து நிமிடம் சும்மா ஓட விட்டுக் காப்பி குடிக்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. உந்தம், எண்ணெய்ப் படலம் என்று நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அஞ்சு நிமிசம்" என்றார்.