டர்போ காட்டிக்கொடுத்தது

ஐப்பசி மழையில், பேச்சிப்பாறை போகும் ஏற்றத்தில் என் டர்போ பெட்ரோல் கார் முக்கியது. மிதித்தால் என்ஜினுக்குள் கிணிகிணியென்று தட்டல். தக்கலை மெக்கானிக் அண்ணாச்சி, “டர்போவத் தொடண்டாம் தம்பி, மொதல்ல பெட்ரோலப் பாப்போம்” என்றார்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். நாக் சென்சார் தட்டலைக் கேட்டதும், இசியு தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டு இழுவையைக் குறைக்கிறது. நல்ல புரோகிராம், என்ஜினைக் காப்பாற்றுகிறது.

இப்போது பங்க்கில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அண்ணாச்சி அளவுக் குடுவையில் 100 மில்லி தண்ணீரும் 100 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தார். எத்தனால் தண்ணீரோடு போய்விடும். அடியில் தண்ணீர் மட்டம் 120-ஐ நெருங்க வேண்டும். 105கூட வரவில்லை.

எல்லாரும் எத்தனாலைத் திட்டுகிறார்கள். மைலேஜ் விஷயத்தில் நியாயம்தான், பெட்ரோலைவிட அதில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ என்ஜினில் தட்டலைத் தடுக்க உதவுவதும் அதுதான். இரண்டு பருவமழையும் பெய்கிற குமரியில், பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் ஆக்டேன் குறைந்த பெட்ரோலைக் குழாய் உறிஞ்சும். எனக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். ஸ்கூட்டர்காரருக்கு வித்தியாசமே தெரியாது.

பெட்ரோலை வடித்துவிட்டு வேறு பங்க்கில் நிரப்பினோம், தட்டல் நின்றது. பில்லோடு பழைய பங்க்குக்குப் போனேன்.

“நேத்து எத்தன வண்டிக்கு அடிச்சோம், ஒங்களுக்கு மட்டும்தான் பிரச்சினையா சார்?” என்றார் மேலாளர்.