செல்போனில் ஆயிரம் படம்... சுவரில் ஒன்றுகூட இல்லை! கன்னிவாடிக்கு ஏற்ற போட்டோ பிரிண்டர் எது?

திண்டுக்கல்லில் இருந்து கன்னிவாடிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தின் செம்மண் காடுகள், மக்காச்சோளம், பருத்தி, பூந்தோட்டம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போக, எதிரே மலை பெரிதாகிக்கொண்டே வரும். பழநி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதி அது. மேலே ஆடலூர், பன்றிமலை என்று காபியும் மிளகும் வாழையும் விளைகிற ஊர்கள். அந்த மலையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறது கன்னிவாடி.

நாயக்கர் காலத்தில் பாளையமாக இருந்து, பிறகு ஜமீனாகி, இன்று பேரூராட்சியாக இருக்கிற ஊர். மலையடிவாரத்தில் சோமலிங்க சுவாமி கோயில் இருக்கிறது. சித்தர்கள் தவம் செய்த இடம் என்று நம்பி, பௌர்ணமிக்கு வெளியூர் பக்தர்களும் வருகிறார்கள். செய்தித்தாளில் 'கன்னிவாடி வனச்சரகம்' என்று வந்தால், அது பெரும்பாலும் யானை பற்றிய செய்தியாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம். திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கத்திலும் ஒரு கன்னிவாடி உண்டு. ஆட்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊர் அது. ஆன்லைனில் பொருள் ஆர்டர் போடுகிறவர்கள் மாவட்டப் பெயரையும் பின்கோடையும் சரிபார்த்துப் போடுவது நல்லது. பிரிண்டர் போன்ற கனமான பெட்டி, தவறான ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் அலைச்சல் யாருக்கு?

சுவரில் இருக்கும் தாத்தா

இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் நுழைந்ததும் கண்ணில் படுவது, நிலைப்படிக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கும் போட்டோக்கள்தான். தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, பக்கத்தில் நிற்கும் பாட்டி, கல்யாண ஜோடி, மொட்டையடித்த பிள்ளை. பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்தில் ஊட்டியில் இருந்த மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோ தாளும் தயாரித்தது. 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்திக்கு வந்த நிறுவனம் அது. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளி உலோகத்தால் ஆனது. அதனால்தான் 40, 50 வருடம் அடுப்புப் புகையைத் தாங்கியும் தாத்தாவின் மீசை இன்னும் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கலர் படங்கள் சாயத்தால் ஆனவை. அவைதான் இப்போது சிவந்தும் மஞ்சள் படிந்தும் கிடக்கின்றன.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். வீட்டுக்கு மூன்று செல்போன், போனுக்கு ஆயிரம் படம். சுவரில் புதிதாக ஒன்றும் ஏறுவதில்லை. போன் கிணற்றில் விழுந்தாலோ, திரை கறுத்துப்போய்க் கடைக்காரர் கையை விரித்தாலோ, பேரனின் முதல் பிறந்தநாளும் கூடவே போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய சங்கடம் துக்க வீட்டில் வரும். "அம்மா படம் நல்லதா ஒண்ணு இருந்தா குடுங்கப்பா, போஸ்டர் அடிக்கணும்" என்று கேட்கும்போது, ஆளுக்கு ஒரு போனைத் தடவிப் பார்ப்பார்கள். கிடைப்பதெல்லாம் குரூப் போட்டோவின் ஓரத்தில் பாதி முகம். கடைசியில் ஆதார் அட்டையிலோ, வாக்காளர் அட்டையிலோ இருக்கும் மங்கலான படத்தை எடுத்துப் பெரிதாக்கி கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போடுவார்கள். அதே படத்துக்குத்தான் பிறகு வருஷா வருஷம் மாலை. வாழ்ந்த காலத்தில் வாய்விட்டுச் சிரித்த ஒரு மனுஷி, அரசாங்க கேமராவைப் பார்த்து விறைத்த முகத்தோடு சுவரில் தங்கிவிடுகிறார்.

வீட்டிலேயே ஒரு பிரிண்டர் இருந்தால் இது தீருமா? தீரும். ஆனால், எந்த பிரிண்டர் என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும்.

நான்கு வகை, நான்கு குணம்

கடையில் போய் "போட்டோ பிரிண்டர்" என்று கேட்டால், கைக்குக் கிடைத்ததைக் காட்டுவார்கள். வகை தெரிந்து போவது நல்லது.

*கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்:* விலை குறைவு. நாலாயிரம், ஐந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். செலவு பிறகுதான் ஆரம்பம். பல மாடல்களில் மூன்று வண்ணமும் ஒரே டப்பாவில் இருக்கும். மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மொத்த டப்பாவையும் மாற்ற வேண்டும். ஒரு செட் கார்ட்ரிட்ஜின் விலை, பிரிண்டர் விலையில் பாதியை நெருங்கும். போட்டோ அடிக்க இது ஒத்துவராது.

*இன்க் டேங்க் பிரிண்டர்:* ஒரு காலத்தில் கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு, குழாய் சொருகி, வெளியே பாட்டிலில் மை ஊற்றி ஓட்டினார்கள் நம் ஊர் ஜெராக்ஸ் கடைக்காரர்கள். ஆசிய நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான். கடைசியில் கம்பெனிகளே இறங்கி வந்தன. எப்சன் நிறுவனம் 2010-ல் இந்தோனேசியாவில் முதன்முதலாக டேங்க் பிரிண்டரை அறிமுகப்படுத்தியது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. கேனான், ஹெச்.பி., பிரதர் எல்லாம் பின்தொடர்ந்தன. இன்று வீட்டுக்கு வாங்கத் தகுந்தது இந்த வகைதான்.

இதிலும் இரண்டு பிரிவு. எப்சன் எல்3250, கேனான் ஜி3010 போன்றவை 4 வண்ண மை உள்ளவை; ஸ்கேனரும் ஜெராக்ஸும் சேர்ந்தே வரும். எப்சன் எல்8050, கேனான் ஜி570 போன்றவை 6 வண்ண மை உள்ளவை. எப்சனில் வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் கூடுதல். கேனானில் சிவப்பும் சாம்பலும் கூடுதல். முகத்தின் நிறம், வானம், பட்டுப்புடவையின் மடிப்பு போன்ற இடங்களில் 6 வண்ணப் படம் புள்ளி தெரியாமல் வழவழப்பாக வரும். ஆனால் இந்த இரண்டு மாடலிலும் ஸ்கேனர் கிடையாது. விலையும் நான்கு வண்ணத்தைவிடக் கணிசமாக அதிகம்.

*டை-சப்ளிமேஷன்:* கேனான் செல்ஃபி சிபி1500 இந்த வகை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. திரவ மையே கிடையாது. சூடான முனை, ரிப்பனில் இருக்கும் சாயத்தைத் தாளில் ஏற்றுகிறது. மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு என்று தாள் நான்கு முறை உள்ளே போய் வருவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். போஸ்ட் கார்டு அளவுப் படம் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு வந்துவிடும். தண்ணீர் தெளித்தாலும் கலையாது. 108 தாள் பாக்கெட்டில் 108 படத்துக்கான ரிப்பனும் இருக்கும், கணக்கு கச்சிதம். ஆனால் ஒரு படத்துக்கான செலவு இன்க் டேங்கைவிடப் பல மடங்கு. மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் மை காய்ந்துபோகும் பிரச்னை இதில் இல்லை.

*லேசர்:* ரசீது, மனு, நோட்ஸ் அடிக்க அருமையானது. போட்டோவுக்கு வேண்டாம். இன்க்ஜெட் போட்டோ தாளைத் தெரியாமல் லேசர் பிரிண்டரில் விட்டால், உள்ளே இருக்கும் சூட்டில் தாளின் மேல்பூச்சு உருகி ஒட்டிக்கொண்டு மெஷினையே கெடுத்துவிடும்.

7,500 பக்கமா? அசந்துவிடாதீர்கள்

டேங்க் பிரிண்டர் பெட்டிமேல் '7,500 பக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் அது எழுத்தும் சின்னச் சின்னப் படமுமாக, தாளின் சிறு பகுதியில் மட்டும் மை படுகிற பக்கங்களுக்கான கணக்கு. போட்டோவில் மூலைக்கு மூலை மை. அந்த எண்ணிக்கையில் ஒரு பங்குதான் ஏ4 போட்டோவாக வரும்.

இனி வீட்டுக் கணக்கு. 4x6 அளவுப் படம் கடையில் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தாளும் மையுமாக 7 ரூபாய் ஆகிறது என்றால், ஒரு படத்துக்கு மிச்சம் 8 ரூபாய். பிரிண்டர் விலை 13,000 என்றால், போட்ட பணம் திரும்ப 1,625 படம் அடிக்க வேண்டும். மாதம் 20 படம் அடிக்கிற குடும்பத்துக்கு ஏறக்குறைய 7 வருடம்! உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

ஆக, போட்டோவுக்கு மட்டும்தான் பிரிண்டர் என்றால், மாதம் பத்து, இருபது படம் அடிக்கிறவர்கள் படங்களைச் சேர்த்துவைத்து திண்டுக்கல் போகும்போது லேபில் கொடுத்து வாங்குவதே லாபம். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்து, புராஜெக்ட், ஹால் டிக்கெட், பட்டா நகல், விண்ணப்பம் என்று வாரம் நான்கு தடவை ஜெராக்ஸ் கடைக்கு நடக்கிறீர்கள் என்றால் கணக்கே மாறிவிடும். அந்த வீட்டுக்கு 4 வண்ண இன்க் டேங்க் சரி. அண்ணன் தம்பி வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்தோ, மகளிர் குழுவாகவோ வாங்கி, பாஸ்போர்ட் சைஸ் படமும் அடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால் 6 வண்ணத்தைப் பார்க்கலாம். 35 மி.மீ. x 45 மி.மீ. படம், ஒரு 4x6 தாளில் எட்டு அடங்கும்.

4 வண்ண மாடலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாடல்களில் கறுப்பு மை, எழுத்துக்கென்றே வரும் பிக்மென்ட் வகை. பளபளப்பான தாளில் அது ஒட்டாது என்பதால், மற்ற மூன்று வண்ணத்தையும் கலந்தே பிரிண்டர் கறுப்பை உருவாக்கும். கூந்தலும் இரவு வானமும் கொஞ்சம் வெளிறித் தெரியும். ஓரத்தில் வெள்ளை விடாமல் அடிக்கும் 'பார்டர்லெஸ்' வசதி 4x6 அளவுக்காவது இருக்கிறதா, பழுதானால் சர்வீஸ் ஆள் ஊருக்கு வருவாரா, நாம்தான் திண்டுக்கல்லுக்குச் சுமக்க வேண்டுமா என்பதையும் பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மலையடிவார வெயிலும் மையும்

திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயில், பிரிண்டருக்கும் எதிரி. மை வெளியே வரும் துளைகள் தலைமுடியைவிட நுண்ணியவை. பயன்படுத்தாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது கலரில் ஒரு பக்கம் அடியுங்கள். படத்தில் கோடு விழுந்தால், முதலில் 'நாசில் செக்' பாருங்கள். தேவைப்பட்டால் மட்டும் 'கிளீனிங்' கொடுங்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மையைக் குடிக்கும். சுவர் சுவிட்சை அணைத்து நிறுத்தாமல், பிரிண்டரின் பட்டனை அழுத்தி நிறுத்தினால்தான் உள்ளே இருக்கும் மூடி துளைகளைச் சரியாக மூடும்.

மழைக்காலத்தில் மலைக்காற்று ஈரத்தோடு இறங்கும். போட்டோ தாளைப் பிரித்த பாக்கெட்டோடு அலமாரியில் விடாமல், ஜிப் கவரில் போட்டு வையுங்கள். அடித்த படத்தை நன்றாகக் காயவிட்டு, கண்ணாடி போட்டு, வெயில் நேரே விழாத சுவரில் மாட்டினால் நிறம் நீடிக்கும்.

இன்னொன்று, படம் வந்த வழி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும். 4x6 அளவுக்கு 1,200 x 1,800 புள்ளி இருந்தால் தெளிவாக வரும்; சுருங்கிய படமே ஓரளவு சமாளித்துவிடும். ஏ4 அளவுக்கோ, சட்டம் போடும் அளவுக்கோ அது போதாது. வெளிநாட்டில் இருக்கும் மகனிடம், "படத்தை டாக்குமென்டா அனுப்புப்பா" என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் எதை அடிப்பது?

ஸ்கேனர் உள்ள பிரிண்டரை வாங்கினால், முதல் வேலை அந்தச் சுவரில்தான் இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சட்டத்தில் இருந்து பதமாக எடுத்து, 600 டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வைத்து எடுக்கலாம். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும், ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமும் கொடுத்துவைக்கலாம்.

அடுத்து, வீட்டிலேயே மூத்தவர். நல்ல நாள் பார்க்க வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் திண்ணையில் உட்காரவைத்து, வெற்றிலை போட்டுக்கொண்டே பேரப்பிள்ளையைத் திட்டிச் சிரிக்கும்போது ஒரு படம். "எனக்கு எதுக்குடா போட்டோ" என்பார்கள். எடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெயர், ஊர், தேதி எழுதி, மை காய்ந்த பிறகு சட்டம் போடுங்கள். பிரிண்டர் வாங்கும் யோசனையே இல்லாதவர்கள், அந்த ஒரு படத்தை மட்டும் இந்த வாரம் கடையில் கொடுத்து அடித்துவிடலாம். பதினைந்து ரூபாய்தான் ஆகும்.