சாண் நீள டாங்கியும் நகத்தில் ஒட்டிய பெயிண்டும்



மருதாணி இட்ட கையோடு செய்யும் உளூ கூடும். நகப்பூச்சு பூசிய கையோடு செய்தால் கூடாது. மருதாணி நிறத்தை மட்டுமே விட்டுச் செல்கிறது. நகப்பூச்சோ நீர் புகாத ஏடாகப் படிந்துவிடுகிறது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிந்துகொள்ளும் இச்சட்டத்தை, ஐம்பது வயதைக் கடந்த நான் இப்போது நாள்தோறும் என் விரல்களைப் பார்த்து நினைவுகூர வேண்டியிருக்கிறது. காரணம் வேறொன்றுமில்லை. சென்ற ரமளானுக்குப் பின் நான் ஏர்பிரஷ் பழகி வருகிறேன். பிளாஸ்டிக் டாங்கிகளுக்கு உருமறைப்பு வண்ணம் பூசுவதற்காக.

துபாயிலிருந்து வரும் மச்சானின் பெட்டியில் சென்ட்டும் பாதாமும் இருப்பது வழக்கம். இம்முறை என் மகளுக்கென்று ஒரு டி-72 டாங்கியின் மாதிரித் தொகுப்பும் வந்தது. உண்மை டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. பூட்டி முடித்தால் உடல் ஏறத்தாழ ஒரு சாண் நீளம். டி-72 நமக்கு அந்நியமானதன்று. ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை முதலில் விஜயந்தாவைச் செய்தது; பின்னர் ‘அஜேயா’ என்ற பெயரில் இந்த டி-72ஐயும் அங்கேயே செய்தார்கள். ஆவடியில் பெயிண்ட் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தாய்மாமா இப்போது உத்திரமேரூரில் எங்கள் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தவர், “மாப்பிளே, நாற்பது டன் வண்டிக்கு அடித்த கை இது. இதற்கும் அடித்துப் பார்ப்போம்” என்றார். கம்ப்ரஸரும் ஏர்பிரஷும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தன.

ஏர்பிரஷ் என்பது எழுதுகோல் அளவிலான ஒரு ஸ்பிரே கன். அதனுள்ளே முனைவரை ஓடும் ஊசி. எங்களிடமுள்ளதில் முனைத் துளை 0.3 மி.மீ. மேலே ஒரே விசைதான். அதைக் கீழே அழுத்தினால் காற்று வரும்; அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகிப் பெயிண்ட் வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பெயிண்ட். தொடங்கும்போது காற்று முதலில், பெயிண்ட் பிறகு. முடிக்கும்போது பெயிண்டை முதலில் நிறுத்திவிட்டுக் காற்றைப் பிறகு நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறினால் முனையில் தேங்கிய துளி அடுத்த முறை மாதிரியின் மீது தெறிக்கும். பெயிண்டைப் பாலின் பதத்திற்குக் கரைக்க வேண்டும் என்பார்கள். அது கெட்டியாக இருந்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். நீர்த்த பெயிண்டைக் கூடுதல் அழுத்தத்தில் அருகிலிருந்து அடித்தாலோ, துளி சிதறிச் சிலந்திக் கால்கள்போல நாலா பக்கமும் ஓடும்.

மாமா முதல் இரு வாரங்கள் டாங்கியைத் தொடவே விடவில்லை. பழைய நாளிதழ்த் தாளில் புள்ளி, அதன்பின் கோடு, அதன்பின் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு. என் மகளுக்கு இது மூன்றாம் நாளே வசப்பட்டது. பெருநாள் இரவுகளில் தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் மெஹந்திக் கோன் பிடித்துப் பழகிய விரல்கள் அவை. கோனை எவ்வளவு அழுத்துவது, கையை எவ்வளவு வேகமாக நகர்த்துவது என்ற இரண்டையும் ஒருசேரக் கணிக்கத் தெரிந்தவளுக்கு ஏர்பிரஷ் புதிதாக எதையும் கேட்கவில்லை. நாற்பதாண்டு ஸ்பிரே கன் பிடித்த மாமாவே அவள் கையைப் பார்த்துவிட்டு மௌனமானார்.

உருமறைப்பு என்றால் மறைந்துபோவது என்றே நான் எண்ணியிருந்தேன். மாமா விளக்கிய பிறகுதான் பொருள் புரிந்தது. டாங்கியைக் கண்ணிலிருந்து ஒளிக்க எந்தப் பெயிண்டாலும் இயலாது. அதன் விளிம்பை உடைப்பதே நோக்கம். நேரான ஓரம், செவ்வக உடல், நீண்ட குழல் ஆகியவற்றைக் கண்டதும் கண் ‘டாங்கி’ என்று சொல்லிவிடும். பச்சைத் திட்டு ஒன்று உடலிலிருந்து கோபுரத்துக்கு இடையில் நிற்காமல் ஏறிச் சென்றால், கண் இரண்டையும் பிரித்தறியத் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் சில நொடிகள் நீடித்தாலே போதுமாம். முதல் உலகப் போரில், 1915இல், பிரெஞ்சு இராணுவம் இந்த வேலைக்கு ஓவியர்களையே திரட்டித் தனிப் பிரிவு அமைத்தது.

உண்மை வண்டியில் இரு நிறங்கள் கலக்கும் விளிம்பு மூன்று செ.மீ. அகலம் என்று கொண்டால், எங்கள் மாதிரியில் அது ஒரு மி.மீ.க்கும் குறைவு. ஆதலால் அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, முனையை மாதிரியிலிருந்து ஓரிரு செ.மீ. தொலைவில் பிடித்து, முதலில் திட்டின் எல்லையைக் கோடாக வரைந்துகொண்டு, பிறகு உள்ளே நிரப்புகிறோம். மணல்நிறம் அடியில், அது காய்ந்தபின் பச்சை.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். எங்கள் ஊரின் பெரிய ஏரியை ஆங்கில ஆவணங்கள் ‘டாங்க்’ என்றே குறிக்கும். ஆங்கிலத்திற்கு அச்சொல் குஜராத்தி போன்ற இந்திய மொழிகளின் வழியே சென்றது என்பர். பிரிட்டிஷார் இக்கவச வண்டியை இரகசியமாகச் செய்தபோது, கேட்பவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று எண்ணட்டும் என்று அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. பெயிண்ட் பூசுவதற்கு முன்பே பெயரால் உருமறைக்கப்பட்ட வண்டி அது.

வேலை அஸருக்குப் பின்தான். மஃரிப் பாங்கிற்கு அரை மணி முன்னதாகவே நிறுத்திவிடுகிறோம். கையுறை அணிந்தாலும் நகக்கண்ணில் ஒரு துளி எப்படியோ புகுந்துவிடுகிறது. சிறு மரக்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்தபின்பே உளூ. தின்னர் வாடையும் ஒரு பொறுப்பு. பூண்டும் வெங்காயமும் பச்சையாக உண்டுவிட்டுப் பள்ளிக்கு வருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, தின்னர் மணக்கும் சட்டையோடு பக்கத்தில் தொழுபவருக்குத் தலைவலி கொடுப்பது எப்படித் தகும்? ஆதலால் அந்தச் சட்டை மாடியிலேயே தொங்குகிறது.

தொகுப்பில் மூன்று வீரர்களின் சிற்றுருவங்களும் இருந்தன. அவற்றைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கவேயில்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டிய செய்தி புகாரியில் உண்டு. அந்த அளவில் டாங்கி எனக்குத் தயக்கம் தரவில்லை.

தயக்கத்தைத் தந்தது என் மனைவியின் கேள்வி. பச்சைத் திட்டுகள் காய்ந்துகொண்டிருந்த ஒரு மாலை, தொலைக்காட்சியில் காஸாச் செய்தி ஓடியது. தேநீரோடு மாடிக்கு வந்தவர் டாங்கியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னங்க, இந்த வண்டிகள்தாமே அங்கே வீடுகளை இடிக்கின்றன? இதையா நம் வீட்டு அலமாரியில் வைக்கப் போகிறீர்கள்?” என்றார்.

பிளாஸ்டிக்தானே என்று சொல்லிவிடலாம். அது பதிலாகாது. பெட்டியின் மேல் மூடியிலுள்ள படத்தில் நெருப்பு இருக்கிறது, புழுதி இருக்கிறது. இறந்தவர் ஒருவரும் இல்லை. இப்பொழுதுபோக்கில் உள்ள உண்மையான பொய் அதுவே என்று நினைக்கிறேன். அதே வேளையில், திட்டுத் திட்டாகப் பச்சை பூசப் பூச எனக்கு வேறொன்றும் தென்பட்டது. நாற்பது டன் இரும்பு, 125 மி.மீ. குழல், இருந்தும் அது மண்ணின் நிறத்தைப் பூசிக்கொண்டு ஒளியப் பார்க்கிறது. அச்சமில்லாத பொருளுக்கு உருமறைப்பு எதற்கு? இதை மனைவியிடம் சொன்னேன். “அச்சப்படுபவன்தானே அதிகம் அடிக்கிறான்” என்று கூறிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிரவு மாமா ஹவில்தார் அப்துல் ஹமீதின் செய்தியைச் சொன்னார். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டம் தாமுப்பூரைச் சேர்ந்த தையல்காரர் குடும்பத்துப் பிள்ளை. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் அருகே, ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கியோடு கரும்புத் தோட்டத்தில் பதுங்கியிருந்து பாட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினார். 10ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். பரம்வீர் சக்ரா அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. வயல்களில் நீர் பாய்ச்சப்பட்டிருந்ததால் பல பாட்டன்கள் சேற்றில் சிக்கி நின்றன. அவருடைய ஜீப்புக்குக் கவசம் கிடையாது. கரும்புத் தோகையே அதற்கு உருமறைப்பு.

நம் மேடைகளில் இவ்வரலாறு பெருமிதத்தோடு சொல்லப்படுவதுண்டு, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டன்களுக்குள் இருந்தவர்களிலும் அன்று காலை ஃபஜ்ர் தொழுதவர்கள் இருந்திருப்பார்கள் என்று மாமா மெல்லச் சொன்னபோது எங்களில் எவரும் பேசவில்லை.

டி-72 முடிந்துவிட்டது. கூடத்து அலமாரியில் குர்ஆன் இருக்கும் தட்டுக்கு அருகே அது வராது என்று மனைவி விதித்த நிபந்தனையை ஏற்று, மாடியறையிலேயே வைத்திருக்கிறோம். இப்போது மகள் ஒரு ஜீப்பைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். அதில் ஆள் உருவம் வைக்கப்போவதில்லை; இருக்கை காலியாகவே இருக்கும். சுற்றிலும் கரும்பு. ஓலைக்கீற்றை மெல்லியதாகக் கிழித்துச் செய்த தோகைகள் ஒரு தட்டு நிறையச் சேர்ந்துவிட்டன. அடிநிறம் மட்டும் பாக்கி. ஐப்பசி மழையில் கம்ப்ரஸர் காற்றோடு நீர்த்துளியும் சேர்ந்து வருகிறது. நீர் பிரிக்கும் குப்பியை மணிக்கு இருமுறை வடித்தும் போதவில்லை. வெயில் வரட்டும் என்று மாமா நிறுத்தி வைத்திருக்கிறார்.